நெல்லை வெயிலில் கான்ட்ராஸ்ட் வார்மர் எதற்கு?

"ஊரே 39 டிகிரியில வேகுது. இதுல மருந்தைச் சூடு பண்ண ஒரு பெட்டி வேறயா?" பில்லைப் பார்த்ததும் எங்கள் ஸ்கேன் சென்டரின் கணக்கு வழக்கைப் பார்க்கும் அண்ணாச்சி இப்படித்தான் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. திருநெல்வேலியில் சித்திரை, வைகாசியில் மத்தியான நேரம் வெளியே நின்றால் எந்த மருந்தும் தானாகவே சூடாகிவிடும். ஆனால் கான்ட்ராஸ்ட், அதாவது ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிய நாங்கள் நரம்பில் ஊசியாகப் போடும் அயோடின் மருந்து, வெளியே நிற்பதில்லை. சிடி மெஷினுக்காக ராப்பகலாக 21 டிகிரியில் ஏசி ஓடும் அறைக்குப் பக்கத்தில், ஸ்கேனை இயக்கும் கன்சோலுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் கிடக்கிறது. ராத்திரி முழுக்க அங்கே இருந்த பாட்டிலைக் காலையில் எடுத்தால் கைக்கு ஜில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சிக்காகத்தான் வார்மர் வாங்கினோம். ஒரு வருடத்துக்கு மேல் உபயோகித்துவிட்டதால் இதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. நம் பக்கத்தில் சின்ன சென்டர் நடத்துகிறவர்கள், புதிதாக சிடி போடுகிறவர்கள் எல்லோரும் இதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள்.

கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, சர்வீஸுக்கு அதே ஆட்கள்தான் வர வேண்டும். இந்தியாவிலேயே செய்தது, ஜிஎஸ்டி சேர்த்து 68,000 ரூபாய் ஆனது, இவ்வளவு போதும். சந்தையில் இருக்கும் இந்த ரகப் பெட்டிகள் எல்லாம் உள்ளே ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், நான் சொல்கிற குறைகளை எந்தப் பெட்டியை வாங்கினாலும் சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் மருந்தைச் சொல்ல வேண்டும். எங்களிடம் அதிகம் ஓடுவது அயோஹெக்ஸால் 350. ஒரு மில்லியில் 350 மி.கி. அயோடின் என்று அர்த்தம். 20 டிகிரியில் இதன் பிசுபிசுப்பு 20.4 சென்டிபாய்ஸ். 37 டிகிரியில் 10.4. அதாவது உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தாலே கெட்டித்தன்மை ஏறக்குறைய பாதியாகிவிடும். தண்ணீருக்கு இதே கணக்கு 1 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும். கிட்னி கொஞ்சம் தகராறு என்றால் எங்கள் ரேடியாலஜிஸ்ட் மேடம் கேட்கும் அயோடிக்சனால் 320 இன்னும் கெட்டி: 20 டிகிரியில் 26.6, 37-இல் 11.8. இவை எல்லாம் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலேயே அச்சடித்திருக்கும். அட்டையைக் கிழித்த வேகத்தில் அந்தத் தாளும் குப்பைக்குப் போய்விடுகிறது.

இந்தக் கெட்டித்தன்மை முதலில் தெரிவது மருந்தை சிரிஞ்சில் ஏற்றும்போது. மருந்தை நரம்புக்குள் தள்ளும் மெஷினான இன்ஜெக்டரின் 200 மில்லி சிரிஞ்சில் குளிர்ந்த 350-ஐ இழுத்தால் பிஸ்டன் முன்னே போய்விடும், மருந்து பின்னாலேயே தயங்கித் தயங்கி வரும். இடையில் வெற்றிடம் விழுந்து நுரை நுரையாகக் குமிழி கட்டும். அப்புறம் சிரிஞ்சை நிமிர்த்தி, தட்டி, ஒவ்வொரு குமிழியாக மேலே ஏற்றி வெளியே தள்ள வேண்டும். வெளியே பத்துப் பேர் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது இது கடுப்பான வேலை. வெதுவெதுப்பான மருந்து சொன்ன பேச்சைக் கேட்கும். இழுத்த வேகத்துக்கு வரும், குமிழி ஒன்றிரண்டு இருந்தாலும் ஒரு தட்டில் மேலே போய்விடும். வார்மர் வாங்கிய முதல் வாரமே எங்கள் ஜூனியர் பையன் சொன்னது இதைத்தான்: "மேடம், இதுக்கே குடுத்த காசு சரியாப் போச்சு."

இரண்டாவது, ஊசி போகும்போது. நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் ஆஞ்சியோவுக்கு வினாடிக்கு 4 மில்லி, சில சமயம் 5 மில்லி வேகத்தில் தள்ள வேண்டியிருக்கும். நரம்பில் செருகி வைக்கும் ஊசிக்குழாயான வென்ஃப்ளானில் பிங்க் நிறம், அதாவது 20 கேஜ், நல்ல நரம்பில் போட்டிருந்தால் தாங்கும். குளிர்ந்த மருந்து என்றால் இன்ஜெக்டர் திரையில் அழுத்தக் கோடு விறுவிறுவென்று ஏறும். நாங்கள் வைத்திருக்கும் 300 பிஎஸ்ஐ எல்லையை அது நெருங்குவதை நானே பார்த்திருக்கிறேன். எல்லையைத் தொட்டால் மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். வேகம் குறைந்தால் மருந்து ஒரே கட்டியாகப் போய்ச் சேராது, படம் வெளிறிப்போகும். சூடு பண்ணிய மருந்தில் அதே வென்ஃப்ளான், அதே வேகம், கோடு கீழேயே நிற்கிறது. வயதானவர்களின் நரம்பு மெலிந்து, அதைவிட மெல்லிய, நீல நிற 22 கேஜைத் தவிர வேறு எதுவும் ஏறாது என்ற நிலையில், வேகத்தை 3-க்குக் குறைத்து வெதுவெதுப்பான மருந்தை விடும்போது எனக்கு இருக்கும் நிம்மதி தனி.

சரி, பெட்டி இல்லாதபோது என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், ஊருக்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. பேசினில் வெந்நீர் ஊற்றி பாட்டிலை மிதக்க விடுவார்கள். லேபிள் ஊறிக் கழன்று விழும், மூடி ரப்பரைச் சுற்றி அழுக்குத் தண்ணீர் நிற்கும், எந்தப் பாட்டில் 300, எது 350 என்பது அப்புறம் கடவுளுக்குத்தான் வெளிச்சம். யுபிஎஸ் மேல் அடுக்கி வைப்பவர்கள் உண்டு. மேஜை விளக்குக்கு அடியில் வைப்பவர்கள் உண்டு. அயோடின் மருந்துக்கு வெளிச்சம் ஆகாது, மூலக்கூறிலிருந்து அயோடின் கழன்றுவிடும் என்றுதான் அட்டைக்குள்ளேயே வை என்று எழுதியிருக்கிறார்கள். அதை விளக்குக்கு அடியில் காட்டினால் என்ன சொல்வது? ஒரு இடத்தில் மைக்ரோவேவ் கூட இருந்தது. அங்கே நான் வாய் திறக்கவில்லை, இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன்.

இனி பெட்டிக்கு வருகிறேன். லாட்ஜ் ரூமில் வைத்திருக்கும் குட்டி ஃபிரிட்ஜ் அளவு இருக்கும். உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மூன்று கம்பித் தட்டு, பின்பக்கம் ஹீட்டரும் ஒரு சின்ன ஃபேனும். முன்னால் கண்ணாடிக் கதவு, மேலே சிவப்பு எழுத்தில் வெப்பநிலை காட்டும் கன்ட்ரோலர். கேட்டலாகில் 100 மில்லி பாட்டில் 36 வைக்கலாம் என்று போட்டிருக்கிறது. வைக்கலாம், கதவும் மூடும். ஆனால் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் காற்று ஓடாது. இந்த மாதிரிப் பெட்டியில் சூடாக்குவது சுற்றிவரும் காற்றுதான். அயோடிக்சனாலின் தாளில்கூட 37 டிகிரியில் வைப்பதானால் வெதுவெதுப்பான காற்று சுழலும் வார்மரில் வை என்றுதான் எழுதியிருக்கிறது. காற்றுக்கு வழி விட்டு அடுக்கினால் இருபத்து நான்கு பாட்டில் கொள்ளும். எங்களுக்கு அது தாராளம். ஒரு நாளில் தீர்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே இருந்தால் போதும், கடையே உள்ளே இருக்க வேண்டியதில்லை.

கண்ணாடிக் கதவு எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்க அழகு, எத்தனை பாட்டில் இருக்கிறது என்று திறக்காமலே தெரியும், அதெல்லாம் சரிதான். ஆனால் மேலே டியூப்லைட், எதிரே ஜன்னல். வெளிச்சத்திலிருந்து காப்பாற்ற வேண்டிய மருந்தை ஷோகேஸில் வைத்த கதை ஆகிவிட்டது. கறுப்பு சன் ஃபிலிம் வாங்கி ஒட்டினோம். கார் கடையில் ஒட்டித் தந்தார்கள், நூற்றைம்பது ரூபாய். கம்பெனிக்காரரிடம் சொன்னதற்கு, "எல்லா கஸ்டமரும் கிளாஸ் டோர்தான் மேடம் கேக்காங்க" என்றார். கேட்கத்தான் செய்வார்கள்.

அதேபோல் வார்மரை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு விஷயம். சிலர் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று சிடி அறைக்குள்ளேயே, ஸ்கேன் வளையமான கேன்ட்ரிக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். அயோஹெக்ஸால் போன்ற மருந்துகளுக்கு வெளிச்சத்தோடு சிதறும் எக்ஸ்ரேயும் ஆகாது, தாளில் இருக்கிறது. நாங்கள் கன்சோல் பக்கம், சுவருக்கு இந்தப் புறம் வைத்திருக்கிறோம். நாலு எட்டு நடந்தால் ஆயிற்று.

வெப்பநிலை எப்படி? இங்கேதான் நான் கொஞ்சம் மெனக்கெட்டேன். தடுப்பூசி ஃபிரிட்ஜுக்கு உபயோகிக்கும், வெப்பநிலையைத் தானாகப் பதிவு செய்யும் குட்டி டேட்டா லாகர் ஒன்றை எங்கள் லேப் தங்கச்சியிடம் கடன் வாங்கி, ஒவ்வொரு தட்டிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். திரையில் 37.0 என்று ஆடாமல் அசையாமல் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மேல் தட்டில் 38.6, நடுவில் 37.2, கீழ்த் தட்டின் முன் மூலையில் 35.4. சென்சார் பின்னால் ஃபேனை ஒட்டி இருக்கிறது, அது தன் மூக்குக்கு நேரே வரும் காற்றின் சூட்டைத்தான் சொல்கிறது. கதவைத் திறந்து மூடிய பிறகு கன்ட்ரோலர் பதறிப்போய் ஹீட்டரை முழுசாகப் போடும். அப்போது மேல் தட்டு 39-ஐத் தொட்டுவிட்டு மெதுவாக இறங்கும். இது பெரிய கோளாறு இல்லை. ஆனால் நான் இலக்கை 36-க்கு இறக்கி வைத்தேன். மேல் தட்டு 37-ஐ ஒட்டி நிற்கிறது, கீழ்த் தட்டு 34, 35 என்று கிடக்கிறது. அந்த இரண்டு டிகிரிக் குறைவால் ஊசியில் எந்த வித்தியாசமும் நான் பார்க்கவில்லை. மருந்துத் தாள் அனுமதிக்கும் சூட்டைத் தாண்டக் கூடாது, அதுதான் முக்கியம்.

சூடாக எவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். விற்பனையாளர் முக்கால் மணி நேரம் என்றார். காற்று முக்கால் மணியில் சூடாகும், உண்மை. பாட்டிலுக்குள் இருக்கும் மருந்துக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் பிடிக்கிறது. பிளாஸ்டிக் பாட்டில் கண்ணாடியைவிடக் கொஞ்சம் தாமதம். அதனால் "கேஸ் வந்தாச்சு, ஒரு பாட்டிலை உள்ள வை" என்பது நடக்காத காரியம். ராத்திரி ஷிஃப்ட் முடிக்கும்போதே மறுநாளுக்கு வேண்டியதை வைத்துவிட வேண்டும். எமர்ஜென்சிக்கு எப்போதும் நடுத் தட்டில் நாலு 350 இருக்கும், அதைத் தொட்டால் தொட்டவரே நிரப்ப வேண்டும்.

இப்போது பெரிய குறை. கரண்ட் போய் வந்தால் இந்தப் பெட்டி தானாக மீண்டும் ஓடாது. திரையில் மூன்று சின்னக் கோடுகள் மட்டும் நிற்கும். ஒரு பட்டனை மூன்று வினாடி அழுத்திப் பிடித்தால்தான் உயிர் வரும். சத்தம் கிடையாது, விளக்கு கிடையாது. நம் ஊரில் மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மின்சாரம் இருக்காது, ஆடிக் காற்றில் எப்போது வேண்டுமானாலும் போய்விட்டு வரும். சென்டரில் ஜெனரேட்டர் இருக்கிறது, ஆனால் அது எடுத்துக்கொள்வதற்குள் ஒரு இடைவெளி உண்டு. அந்தச் சில வினாடி போதும், பெட்டி படுத்துக்கொள்ளும். காலையில் வந்து பார்த்தால் ஃபேன் சத்தம் இல்லை, பாட்டில் எல்லாம் அறை வெப்பத்துக்கு இறங்கியிருக்கும். மருந்து கெடாது, அது நல்லவேளை. ஆனால் முதல் நோயாளிக்குக் குளிர்ந்த மருந்துதான்.

சர்வீஸுக்குப் போன் செய்தால் சென்னையிலிருந்து ஒரு தம்பி பேசினார். வார்மரை சிடி யுபிஎஸ்ஸில் கோர்த்துவிடுங்கள் என்றார். சிடி கம்பெனிக்காரர் கேட்டால் என்னை யுபிஎஸ்ஸில் கோர்த்துவிடுவார். ஹீட்டர் எல்லாம் அதில் போடக் கூடாது என்று இன்ஸ்டலேஷன் அன்றே எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். விடாமல் பேசிப் பேசி, கடைசியில் மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். கன்ட்ரோலரின் செட்டிங்கில் உள்ளே போய் ஒரே ஒரு எண்ணை மாற்றினார், முடிந்தது. கரண்ட் வந்தால் தானாக ஓடுகிறது. இரண்டு நிமிட வேலை. இதை ஃபேக்டரியிலேயே மாற்றி அனுப்ப என்ன கஷ்டம்? உங்கள் பெட்டி வந்து இறங்கிய அன்றே, கொண்டுவந்தவர் கிளம்புவதற்கு முன், பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பாருங்கள். அவர் முன்னாலேயே செய்யுங்கள்.

சூடு அதிகமானால் ஹீட்டரைத் துண்டிக்கும் தனி தெர்மோஸ்டாட் இருக்கிறது, பின்பக்கம் திறந்து காட்டினார்கள். அது 45 டிகிரியில்தான் வேலை செய்யும். 39-இலிருந்து 45 வரை போனால் எச்சரிக்க யாரும் இல்லை. அதனால் ஒரு தனித் தெர்மாமீட்டரை நடுத் தட்டில் கட்டி வைத்திருக்கிறோம், காலை, மாலை இரண்டு வேளை அதைப் பார்த்துத்தான் பதிவேட்டில் எழுத வேண்டும், பெட்டியின் திரையைப் பார்த்து அல்ல. நம் நாட்டில் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎச் தணிக்கைக்கு வருகிறவர்கள் மருந்து இருக்கும் இடத்தின் வெப்பநிலைப் பதிவைக் கேட்பார்கள். வார்மரும் மருந்து இருக்கும் இடம்தான். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷனும் இதையேதான் சொல்கிறது: சூடு பண்ணுவதாக இருந்தால் தயாரிப்பாளர் தாளில் சொன்னபடி பண்ணு, தினசரி வெப்பநிலையை எழுதி வை.

தேதிக்கு வருவோம். வார்மரை உபயோகிக்கும் பல இடங்களில் நான் பார்க்கிற கவனக்குறைவு இதில்தான். அயோஹெக்ஸால், அயோடிக்சனால் இரண்டின் தாளிலும் 37 டிகிரியில் ஒரு மாதம் வரை வைக்கலாம் என்று இருக்கிறது. ஒரு மாதம், அவ்வளவுதான். பாட்டிலில் அச்சடித்த எக்ஸ்பைரி இரண்டு வருடம் கழித்து இருந்தாலும், உள்ளே போன நாளிலிருந்து அதன் கணக்கு வேறு. முன்னால் இருப்பதை எடுத்து, முன்னாலேயே புதிதை வைத்துக்கொண்டே போனால் பின் வரிசைப் பாட்டில்கள் அங்கேயே குடியிருக்கும். எங்கள் ஏற்பாடு இது: உள்ளே வைக்கும் முன் மார்க்கரால் மூடியில் தேதி. லேபிளில் எழுதினால் கையில் அழியும், மூடியில் எழுதினால் மேலிருந்து பார்த்தாலே தெரியும். புதிது எப்போதும் இடது பின் மூலையில் போகும், எடுப்பது வலது முன் மூலையிலிருந்து. மாதக் கடைசியில் பழையது இருந்தால் அதுதான் முதலில் போக வேண்டும். 2022-இல் ஷாங்காய் ஊரடங்கில் அங்கிருந்த ஜிஇ தொழிற்சாலை மூடப்பட்டு உலகம் முழுக்க கான்ட்ராஸ்டுக்குத் தட்டுப்பாடு வந்ததே, ஞாபகம் இருக்கலாம். அதற்கப்புறம் ஒரு பாட்டில் தேதி தாண்டி வீணாவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நீங்கள் வாங்கும் பிராண்டின் தாளில் 37 டிகிரி என்ற பேச்சே இல்லாவிட்டால்? அப்படியானால் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "எல்லாம் ஒரே மால்தான் மேடம்" என்று ரெப் வாயால் சொல்வது பதிவேட்டில் ஏறாது.

அப்புறம், உள்ளே வைக்கக் கூடாதவை. எம்ஆர்ஐ பக்கத்து அண்ணன் ஒருநாள் காடோலினியம் வயல்களைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போனார், "எல்லாம் கான்ட்ராஸ்ட்தானே" என்று. அது வேறு, இது வேறு. காடோலினியம் மருந்துகள் அறை வெப்பத்தில் போட வேண்டியவை, வழக்கமான ஸ்கேனுக்கு அவற்றைச் சூடு பண்ணத் தேவையில்லை என்று அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் கையேடும் சொல்கிறது. அளவும் கொஞ்சம், கெட்டித்தன்மையும் இந்த அளவுக்குப் பிரச்சினை இல்லை. திறந்த பாட்டிலைத் திரும்ப உள்ளே வைப்பதும் கூடாது, 37 டிகிரி கிருமிக்கும் பிடித்தமான சூடு. எமர்ஜென்சி ட்ரேயில் இருக்க வேண்டிய அட்ரினலின் இங்கே வரவே கூடாது. இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிய பிறகு, மறுநாள் மதியம் உள்ளே ஒரு சாம்பார் சாத டப்பா இருந்தது. யாருடையது என்று இன்று வரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. தாளில் இன்னொரு வரி சேர்ந்தது.

நோயாளிகளுக்கு வித்தியாசம் தெரிகிறதா? ஊசி ஏறும்போது கையில் சுருக்கென்று குளிர் ஏறுவது இல்லை, அது உண்மை. ஆனால் எல்லோரும் சொல்லும் அந்த உடம்புச் சூடு குறையவில்லை. போன மாதம் ஒரு ஆச்சி, வயிற்று ஸ்கேன். மருந்து போனதும் மைக்கில் கூப்பிட்டார்: "ஏ தாயி, தொண்டையிலயிருந்து அடிவயிறு வரைக்கும் காந்துதே. மருந்தைக் கொதிக்க வச்சா ஏத்துற?" "இல்ல ஆச்சி, மருந்து உங்க உடம்புச் சூடுதான். நரம்பு விரியுறதால அப்படி இருக்கும், அரை நிமிஷத்துல போயிரும்." "ஒண்ணுக்குப் போன மாதிரியும் இருக்கே." "போகல ஆச்சி, அப்படித் தோணும், அவ்வளவுதான்." குளிர்ந்த மருந்து போட்ட காலத்திலும் இதே பேச்சுத்தான். அதனால் வார்மர் வாங்கியதும் அந்தச் சூடு இருக்காது என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் அதற்கு மருந்து.

நரம்பை விட்டு மருந்து வெளியே கசிந்து கை வீங்குவது குறையுமா என்பது முக்கியமான கேள்வி. இதற்கு என் அனுபவத்தைவிட அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் செய்து 2012-இல் வெளியான ஆய்வைச் சொல்வதுதான் நியாயம். சுமார் 25,000 ஊசிகளைப் பார்த்திருக்கிறார்கள். அயோபாமிடால் 370, அதாவது கெட்டி ரகம்: சூடு பண்ணியபோது கசிவு 0.27 சதவீதம், பண்ணாதபோது 0.87. ஆனால் அயோபாமிடால் 300-இல் சூடு பண்ணினால் 0.30, பண்ணாவிட்டால் 0.23. அதாவது குறிப்பிடும்படியான வித்தியாசமே இல்லை. அலர்ஜியிலும் 300-க்கு மாற்றம் இல்லை. அதனால் தலை, வயிறு என்று 300-ஐ வினாடிக்கு 2, 3 மில்லியில் போடுகிற சென்டர் என்றால் இந்தப் பெட்டி இல்லாமலே காலம் தள்ளலாம். 68,000 ரூபாய்க்கு நல்ல வென்ஃப்ளானும், நரம்பு பார்த்துப் போடத் தெரிந்த ஒரு சிஸ்டருக்குக் கொஞ்சம் கூடுதல் சம்பளமும் கொடுத்தால் கசிவு அதைவிட நன்றாகக் குறையும். இதை அண்ணாச்சியிடம் நான் சொல்லவில்லை. நாங்கள் ஆஞ்சியோ நிறைய செய்கிறோம், 350-உம் 370-உம்தான் ஓடுகிறது, எங்களுக்குக் கணக்கு வேறு.

வார்மரால் தீராத ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் அதுதான் பெரிது. எங்களுக்கு வரும் அட்டைப்பெட்டிகளில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று போட்டிருக்கிறது. அந்தப் பெட்டிகள் மதுரையிலிருந்து பார்சல் வண்டியில் வந்து, பார்சல் ஆபீஸின் தகரக் கூரைக்கு அடியில் கிடந்து, பிறகு ஒரு பையன் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வைத்து மத்தியான வெயிலில் கொண்டுவருகிறான். எங்கள் ஸ்டோர் மொட்டைமாடிக்கு நேர் கீழே, ஏசி இல்லாத அறை. லாகரை அங்கேயும் ஒரு வாரம் வைத்தேன். மே மாதம், மதியம் மூன்று மணிக்கு 36.8. இங்கே ஒரு பெட்டியில் 36 டிகிரியைப் பிடித்து வைக்க நான் பதிவேடு போட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே மொத்த ஸ்டாக்கும் காசு செலவில்லாமல், கணக்கும் இல்லாமல் அதே சூட்டில் மாதக்கணக்கில் வெந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த மருந்தை வார்மருக்குள் வைத்து ஒரு மாதம் என்று மூடியில் எழுதினால் அந்தத் தேதிக்கு என்ன மதிப்பு? லாகர் வரைந்த கோட்டைக் காகிதத்தில் எடுத்துக் கொடுத்த பிறகுதான் மேனேஜ்மென்ட் அசைந்தது. ஸ்டோர் கீழ்த் தளத்துக்கு வந்தது, பழைய ஸ்பிளிட் ஏசி ஒன்று மாட்டினார்கள், இப்போது 25-ஐத் தாண்டுவதில்லை. மேலே கிடந்த ஸ்டாக்கை விநியோகஸ்தரிடம் பேசி மாற்றிக்கொண்டோம். பார்சலைக் காலை பத்து மணிக்குள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம், பாதி நாள் வருகிறது.

வாங்க முடிவு செய்தவர்கள் விலை பேசும்போது இவற்றைக் கேளுங்கள். கரண்ட் வந்ததும் தானாக ஓட வேண்டும். 39 டிகிரியில் சத்தம் போட வேண்டும். கதவு கண்ணாடியாக இருக்கக் கூடாது, இருந்தால் கறுப்புக் கண்ணாடி. சென்சார் நடுத் தட்டில் இருக்க வேண்டும், முடியாது என்றால் வருடம் ஒரு முறை மூன்று தட்டிலும் அளந்து காலிப்ரேஷன் சான்று தர வேண்டும். இந்த நாலையும் ஆர்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். எங்கள் இன்ஜெக்டரில் சிரிஞ்சைச் சுற்றி மாட்டும் ஹீட்டர் இல்லை, அதனால் மருந்து ஆறிவிடாமல் இருக்க, நோயாளியை மேஜையில் படுக்க வைத்த பிறகுதான் அதை சிரிஞ்சில் ஏற்றுகிறோம். உங்களிடம் அந்த ஹீட்டர் இருந்தாலும் அது சூட்டைத் தக்க வைக்கத்தான், குளிர்ந்த மருந்தைச் சூடாக்க அல்ல. வார்மருக்குப் பதிலாக அது போதும் என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள்.